செஞ்சிருக்கேன் சார்

போன் மணி அடித்தால் அக்கா முதலில் செருப்பைத் தேடுவாள். கை துடைப்பது, அடுப்பைக் குறைப்பது எல்லாம் அப்புறம்தான். "வெறுங்கால்ல பேசினா சமையக்கட்டுல நிக்கிறவ கொரலு வரும். செருப்பு போட்டுக்கினு பேசினா வேலைக்குக் கெளம்பினவ கொரலு வரும்" என்பாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிடும். அந்தக் குரலுக்கு இருபது வயசு. அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு.

அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. புதுவாயலில் அந்த வீட்டில் இருந்த பதினான்கு பேரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நான் அங்கிருந்து வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. இப்போது அவள் அங்கே இல்லை என்று கேள்வி.

கல்கத்தா ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது சந்து. கீழே மெஸ், மேலே நான்கு அறை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேன் ஏறுகிற பெண்களுக்கு வாடகைக்கு விடவென்றே கட்டிய வீடு. அக்கா மெஸ்ஸில் சமைத்தாள். காலையில் நாஷ்டா, பகலுக்கு டப்பாவில் கட்டிக்கொடுக்கும் சாதம், சாயங்காலம் டிபன். இந்த மூன்று வேளைக்கும் நடுவில் எங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். சிபாரிசு செய்தாள் என்று நினைக்க வேண்டாம். சிபாரிசு செய்ய அவளுக்கு யாரைத் தெரியும்? எங்கள் போனை வாங்கி, எங்கள் பெயரைச் சொல்லி, எங்களுக்குப் பதிலாக அவளே இன்டர்வியூ பேசினாள்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் வேலை தேடிப் போகாதவர்கள். இப்போது கம்பெனி நேராக ஆள் எடுப்பது குறைவு. ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். பயோடேட்டாவைப் போனில் அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் கூப்பிடுவார்கள். 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிறகு பத்து நிமிஷம் கேள்வி. பதில் பிடித்திருந்தால் திங்கட்கிழமை ஆதார் ஜெராக்ஸோடு கம்பெனி கேட்டுக்கு வரச் சொல்வார்கள். கேட்டில் இருப்பவர் ஆதாரில் வயசைப் பார்ப்பார், உள்ளே விடுவார். முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆக அந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாம்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்களுக்கு உயிர் போகும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து எங்களை அப்படிக் கேட்டவர்கள் கிடையாது. போளூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, இந்தக் கேள்விக்கு "நான் நல்ல பொண்ணு சார்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா போனைப் பிடுங்கி, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, "சாரி சார், சிக்னல் சரியில்ல சார்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அதுதான் முதல் தடவை என்று எனக்கு முன்பிருந்தவர்கள் சொல்வார்கள்.

அப்புறம் அதற்கென்று ஒரு முறையே வந்துவிட்டது. பேசும் இடம் ஸ்டோர் ரூம். அரிசி மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் நின்றால் ரோட்டு லாரிச் சத்தம் போனில் விழாது. சம்பந்தப்பட்ட பெண் எதிரில் நிற்க வேண்டும். கேள்வி ஸ்பீக்கரில் வரும். தனக்குத் தெரியாததை அக்கா கண்ணால் கேட்பாள், அந்தப் பெண் விரலால் சொல்ல வேண்டும். எத்தனை வருஷம், எத்தனை மார்க், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், எல்லாம் விரல்.

"இல்லேன்ற வார்த்தய மட்டும் சொல்லவே கூடாது. தெரியாதுன்றதும் அதே கதைதான். நீ இல்லேன்னு வாய மூட்றதுக்குள்ள அவன் அடுத்த நம்பருக்குப் போய்க்கினே இருப்பான்" என்பாள். எந்த வேலையைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். செஞ்சிருக்கேன் சார். பேக்கிங் செய்திருக்கிறாயா, சாலிடரிங் செய்திருக்கிறாயா, ராத்திரி ஷிப்ட் பார்த்திருக்கிறாயா, எல்லாம் செஞ்சிருக்கேன் சார். அதைச் சொல்வதற்கு முன் அரை மூச்சு இடைவெளி விடுவாள். உடனே சொன்னால் பொய் மாதிரி இருக்குமாம்.

எங்களிடம் கேட்கிற கேள்விகளில் பாதி வேலையைப் பற்றியே இருக்காது. கல்யாணம் எப்போது என்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டால் குழந்தை எப்போது என்பார்கள். அக்காவிடம் இதற்கும் பதில் தயார். "தம்பி படிப்பு முடியட்டும்னு இருக்கோம் சார். இன்னும் நாலு வருஷம் ஆகும்." கூடப் பிறந்தவர்களே இல்லாத ஒருத்திக்கும் இதையே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் சூப்பர்வைசர் நல்ல மனுஷன். மாசம் தவறாமல் தம்பி எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்தார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டாள். "ஹாஸ்டல்ல சேத்துட்டேன்னு சொல்லு, பேஜாரு வுட்டுது" என்று அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

காசு வாங்கமாட்டாள். ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. வாங்கியிருந்தால் பின்னால் சண்டை போடவாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கோட் என்ன நிறம், கேன்டீனில் என்ன போட்டார்கள், லைனில் உட்கார ஸ்டூல் உண்டா, பாத்ரூமுக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும். தூக்கம் சொக்கினாலும் விடமாட்டாள். "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கத்தில் எத்தனையோ கம்பெனிகளில் அவள் குரலுக்கு வேலை கிடைத்தது. அவற்றில் ஒன்றின் உள்பக்கத்தையும் அவள் பார்த்ததில்லை.

முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தவள். சின்னச் சின்னப் பாகங்களைச் சர்க்யூட் பலகையில் பொருத்தும் வேலை. ஆள் குறைத்தபோது வெளியே வந்தாள். அதற்குள் முப்பதைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் லைன் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். புருஷனைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. ஒரு பெண் குழந்தை, பொன்னேரியில் அவள் அம்மாவிடம் வளர்ந்தது.

தனக்காகவும் ஒருமுறை பேசினாள். நான் பார்த்தேன். வழக்கமான செருப்பு, வழக்கமான மூட்டைகள். ஆனால் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் அரை மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, எங்களில் யாரோ ஒருத்திக்குச் சொன்ன பதிலைத் தன் பெயரில் சொன்னாள். தேர்வாகிவிட்டாள். திங்கட்கிழமை துணைக்கு நானும் போனேன். கேட்டில் இருந்தவர் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன்ல பேசினது உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அக்கா ஆதாரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஷேர் ஆட்டோவில் புதுவாயல் வந்தோம். இறங்கியதும், "அவனுக்கு இன்னாடி தெரியும், நாழியாவுது வா, உருளக்கெழங்கு வேவணும்" என்றாள்.

இனி என் கதை. நான் ஊத்துக்கோட்டைப் பக்கம். எங்களுக்குக் கொஞ்சம் நெல்லு நிலம் உண்டு, சோற்றுக்குக் குறையில்லை. நைனா என்னை வேலைக்கு அனுப்பியது பணத்துக்காக இல்லை, என் அழுகைக்காக. மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கெட்டவன் இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "பொங்கல் வரைக்கும் டைம் தரேன். வேலைல நின்னா நில்லு. இல்லேன்னா ஊட்டுக்கு வந்து கழுத்த நீட்டு" என்று நைனா சொல்லிவிட்டார். கார்த்திகை முடிந்து மார்கழியும் பாதி போய்விட்டது. மூன்று இன்டர்வியூ நானே பேசி மூன்றிலும் கோட்டைவிட்டிருந்தேன். அக்காவிடம் போகக் கூடாது என்று ஒரு வீம்பு எனக்கு இருந்தது. ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது மார்க், அதனால் வந்த வீம்பு. நாலாவது போன் அடித்தபோது நானே ஓடிப்போய் அவள் செருப்பை எடுத்துப் போட்டேன்.

பேசிய ஆள் அவசரத்தில் இருந்தார். பெயர், ஊர், படிப்பு, கல்யாணம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது.

"பவர் பிரஸ் ஓட்டியிருக்கீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அரை மூச்சு.

"செஞ்சிருக்கேன் சார். ரெண்டு வருஷம். திருவள்ளூர்கிட்ட ஒரு சின்ன யூனிட் சார்."

"எத்தனை டன் மெஷின்?"

"அம்பது டன் சார்."

"பீஸ் உள்ள மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"மெஷினை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் கை வைக்கணும்."

"வெரி குட். திங்கக்கிழமை வந்துடுங்க."

பவர் பிரஸ் என்றால் தகட்டை அச்சில் வைத்ததும் மேலேயிருந்து இறங்கி அடித்து வடிவம் கொடுக்கும் மெஷின். அக்கா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. முன்பு எங்கள் வீட்டில் தங்கியிருந்த பிரஸ் வேலைக்காரப் பெண் ஒருத்தி சாப்பிடும்போது சொன்னதையெல்லாம் கேட்டு வைத்திருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்ற பதில் என் காதிலும் தெளிவாக விழுந்தது. ஆனால் அது எனக்கான விஷயம் என்று தோன்றவே இல்லை. ஒரு கேள்வியில் பாஸாகிவிட்டோம் என்றுதான் தோன்றியது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"மிஷினு தெரியாதேக்கா" என்று அன்றைக்கே கேட்டேன்.

"போனதும் ஏழு நாள் ரூம்ல உக்கார வெச்சி சொல்லித் தருவாங்கடி. எங்க கம்பெனில பத்து வருஷம் சர்வீஸ் போட்டுட்டு வந்தவனுக்கும் ஏழு நாளு ட்ரெய்னிங்கு. எல்லாருக்கும் உண்டு" என்றாள்.

அவளுக்கு அவள் கம்பெனிதான் தெரியும். திங்கட்கிழமை கேட்டுக்குள் எங்களை இரண்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். புதியவர்கள் ஒரு பக்கம், அனுபவம் உள்ளவர்கள் ஒரு பக்கம். புதியவர்களை ட்ரெய்னிங் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களை நேராக லைனுக்கு அனுப்பினார்கள். வேலை தெரியும் என்று சொல்லி உள்ளே வந்தவளுக்கு வேலை சொல்லித்தர மாட்டார்கள். இந்தச் சின்ன விஷயம் எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

சாயங்காலம் வந்து சொன்னதும் அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். வழக்கம்போல் கோட் நிறம் கேட்கவில்லை. "எனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடவா?" என்று கேட்டேன். "சொன்னா இன்னிக்கே வெளிய அனுப்பிடுவான். பொங்கலுக்கு இன்னும் பத்து நாளுதான் கீது. பக்கத்துல நிக்கிறவ எப்பிடி செய்றாளோ அப்பிடியே பாத்து செய்" என்றாள்.

நான் அப்படியே செய்தேன். பக்கத்தில் நின்றவள் ஒருநாளும் மெஷினை நிறுத்திவிட்டுக் கை வைத்ததில்லை. நிறுத்தினால் எண்ணிக்கை குறையும். தகடு மாட்டிக்கொண்டால் விரலால் தட்டி எடுத்துவிடுவாள். அவள் எட்டு வருஷமாக அப்படி எடுத்துப் பழகியவள். ஆறாவது நாள் நானும் எடுத்தேன். என் கால் மெஷினை இறக்கும் மிதிமேல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வலி உடனே தெரியவில்லை. மெஷினை யாரோ ஓடிவந்து நிறுத்தினார்கள். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா மூன்றாம் நாள் வந்தாள். ரசம் சாதம் பிசைந்து எடுத்து வந்திருந்தாள். என் கைக் கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள். எனக்கு அவள்மேல் அப்போது கோபம் வரவில்லை. ஊட்டிவிடு என்றேன். நாலு வாய் சாப்பிட்டிருப்பேன், என் போன் அடித்தது. கான்ட்ராக்டர் ஆபீஸ். விபத்தைப் பற்றி வாக்குமூலம் எடுக்க வேண்டுமாம், பதிவு செய்யப்படுகிறதாம்.

நான் அக்காவைப் பார்த்தேன். கேட்க வேண்டியதே இல்லை, அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிவிட்டாள். செருப்பை வார்டுக்கு வெளியே கழற்றி விட்டு வந்திருந்தாள். வெறுங்காலோடுதான் பேசினாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அழுத தடம்கூட அதில் இல்லை.

"நீங்க பிரஸ்ல அனுபவம் உள்ளவங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"மெஷினை நிறுத்தாம கை விட்டிருக்கீங்க. நிறுத்தணும்னு தெரியும்தானே?"

"தெரியும் சார். அன்னைக்கு என் கவனக்குறைவுதான் சார்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி மேல ஏதாவது குறை சொல்றீங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நல்ல கம்பெனி சார். கை ஆறினதும் திரும்ப வேலையில சேத்துக்கிட்டீங்கன்னா போதும் சார்."

"பார்க்கலாம்மா. பேக்கிங்ல ஒரு இடம் இருக்கு."

போனை வைத்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "பேக்கிங்ல போட்றாங்களாம்டி. பொங்கலுக்கு உங்க நைனா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். முகத்தில் ஒரு பிரகாசம். அந்த இன்டர்வியூவிலும் அவள் என்னைப் பாஸாக்கிவிட்டாள். தப்பு என்னுடையதுதான் என்று என் பெயரில் சொல்லிவிட்டு, அதைச் சந்தோஷமாக என்னிடமே சொல்கிறாள். அப்போதுதான் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், நடுவில் நான் போனைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். செய்யவில்லை. எனக்கும் அந்த வேலை வேண்டும். மீதிச் சாதத்தையும் அவள் கையாலேயே சாப்பிட்டேன்.

பேக்கிங்கில் இரண்டரை மாசம் வைத்திருந்தார்கள். அப்புறம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். விரல் போன பிறகு மாமன் வீட்டிலும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. ஆசைப்பட்டது நடந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நைனாதான் விடவில்லை. "டப்பு, நஷ்டஈடு ஒண்ணும் வேணாம். எம் பொண்ணு தப்பு இல்லேன்னு அவனுங்க எழுதித் தரணும்" என்று ஆள் பிடித்து லேபர் ஆபீஸுக்கு மனு எழுதிப் போட்டார். நான் ட்ரெய்னிங் இல்லாமல் மெஷினில் நிற்க வைக்கப்பட்டேன் என்பதுதான் மனு. யார் போனில் பேசினார்கள் என்பது நைனாவுக்குத் தெரியாது. திருவள்ளூருக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கம்பெனி தரப்பில் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொடுத்திருப்பதாகவும் அதில் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு புதுவாயல் போனேன். அக்கா அதை இரண்டு முறை படித்தாள். "நான் வரேன். ரெண்டுலயும் நான்தான் பேசினேன்னு சொல்லிட்றேன்" என்றாள். நான் அவளை அப்படிக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். இதை எழுதாமல் விட்டால் அவளுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "நீ ஆபீசரா கேளு, நான் பதில் சொல்றேன்" என்றாள். எத்தனையோ முறை எங்களை அப்படி உட்கார வைத்துப் பழக்கியவள்.

"நீங்க யாரு?" என்று கேட்டேன். சொன்னாள்.

"போன்ல பேசினது நீங்களா?"

"ஆமா சார்."

"ஏன் அவங்களுக்குப் பதிலா நீங்க பேசினீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். வெளியே வயல் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஆரம்பித்து, "ஏன்னா..." என்று நிறுத்தினாள். பதிலுக்கு வேறொரு கேள்வியை அவள் என்னைக் கேட்டாள். "ஆள் மாத்திப் பேசினா கேஸு போட்ருவாங்க இல்ல? எம் பொண்ணு ஒம்போதாவது படிக்கிது. ஸ்கூல்ல தெரிஞ்சிடுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் கேட்ட ஒரு கேள்விக்கு, சொல்லக் கூடாது என்று அவள் பழக்கிய வார்த்தையையே நான் பதிலாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

அலுவலகத்தில் என்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, கதவுக்கு எதிரே நின்றுகொண்டாள். அதிகாரி வயசானவர். பொறுமையாகப் பேசினார். இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினார். மெஷினை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் கை வைக்கணும். அன்னைக்கு என் கவனக்குறைவுதான் சார். கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி பேர் சொன்னீங்களே, அந்தக் குரலும் இந்தக் குரலும் எனக்கு ஒண்ணாத் தெரியலம்மா. இது உங்க குரல் இல்லன்னா தைரியமா சொல்லுங்க. அப்போ, ஆள் யாருன்னுகூட பார்க்காம எப்படி மெஷின்ல நிக்க வெச்சீங்கன்னு நான் கம்பெனியைக் கேட்க முடியும். பேசினது யாருங்கிறதையும் எழுதணும். இது உங்க குரல்தான்னா, தெரிஞ்சே கை விட்டதா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

கதவு பாதி திறந்திருந்தது. அக்கா தெரிந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்னும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவாள். வந்து, அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, முகத்துக்கு நேராக நிற்பாள்.

"என் கொரலுதான் சார்" என்றேன்.

அவர் மறுபடியும் கேட்டார். "நல்லா யோசிச்சீங்களா? ரொம்ப வித்தியாசமா இருக்கே."

அரை மூச்சு விட்டு, "அப்ப சளி புடிச்சிருந்துச்சி சார்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எழுதினார். இடது கையால் நான் போட்ட கையெழுத்து கோடு மாதிரி இருந்தது. பெருந்தன்மையில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பேசியது அவள். ஆனால் அவள் செருப்பை எடுத்துப் போட்டவள் நான். அந்த அறையில் எனக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. நைனாவிடம் என்ன சொல்வது என்பதுகூடத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நான் உள்ள போவட்டா?"

"வேணாம். முடிஞ்சிச்சி."

"இன்னா கேட்டாரு?"

சொன்னேன். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், சளி வரைக்கும். முழுவதும் கேட்டாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்வாள், இல்லை மன்னிப்புக் கேட்பாள் என்று நான் நின்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கரெக்டாதாண்டி சொல்லிக்கீற" என்றாள்.

அவளை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கு எனக்கு இருந்தது இடது கை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் என்னை ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனாள்.